கேட்டது கேள்விதான், காணாமல் போனது பால்மா

சென்ற வாரம் இதே பத்தியில், பால்மா பதுக்கும் வியாபாரிகளை வெளுத்து வாங்கியிருந்தேன். கல்முனை பஸாரில் சிலர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்...

வீட்டில் விருந்தாளி இருந்தார். கொழும்பில் பொருளியல் படிப்பிக்கும் விரிவுரையாளர், என் நண்பரின் மகள். மத்திய வங்கி ரூபாவின் மதிப்பைக் குறைத்தால் நம் ஊர்க் குடும்பங்கள் என்ன செய்யும்? அதுதான் அவருடைய ஆய்வு.

போன மாதம் வந்தபோதும் எங்களோடுதான் தங்கினார். வீடு வீடாகப் போய், "ரூபா விழப்போகுது என்று கேள்விப்பட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். வெறும் கேள்வி. என் மனைவி, "உள்ளதத் தின்னுவம் மிஸ்" என்று சிரித்தாள்.

இப்போது இரண்டாம் சுற்று. முகம் வாடியிருந்தது.

"எல்லா வீட்டிலயும் ஒரே கதை சேர். ரூபா விழப்போகுதாம், கொழும்பு மிஸ் சொன்னாவாம், அதான் சாமான் வாங்கி வச்சிட்டாங்களாம். நான் எங்க சொன்னேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

"எல்லாம் வியாபாரிமார்ட வேல மிஸ்" என்று என் பத்தியை எடுத்து நீட்டினேன். வாசிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு பரீதா, கைக்குழந்தையோடு வந்து என் மனைவியிடம் கேட்டாள்.

"ராத்தா, கொஞ்சம் பால்மா இரிக்கா? ஒரு கடையிலயும் இல்லயாம். புள்ளக்கி சுடுதண்ணியத்தான் குடுத்தன்."

நான் முந்திக்கொண்டேன். "எங்களுக்கு எங்கால பரீதா? முதலாளிமார் பூட்டி வச்சிரிக்காங்களே."

மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் பால்மா அடைத்த தகரப் பேணிகள்.

"காக்கா தந்தது" என்றாள் என்னிடம். அவளுடைய அண்ணனுக்குப் பஸாரில் கடை. "மிஸ் கேட்டத அவருக்கிட்டச் சொன்னன். கொழும்புல இருந்து வந்து சும்மா கேப்பாவா எண்டு, சாமான உள்ளுக்கு எடுத்திட்டார். அவரப் பாத்து மத்தக் கடைக்காரரும். நீங்க ஏசி எழுதினது அவரத்தான்."

விருந்தாளி பத்திரிகையை மெதுவாக மடித்து வைத்தார். பரீதா ஒரு பேணியை மட்டும் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்... வேறு எங்கே பார்ப்பது?

கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் சேர்த்து மீதிப் பேணிகளை, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மனைவியும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கால என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மச்சானிடமும் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, சாமானை வெளியே எடுத்துப் பழைய விலைக்கே விற்றார். ரூபா? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பஸ் ஏறும்போது விருந்தாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். "இங்க நடந்தத ஆய்வில எழுதலாமா சேர்? ஒரு பேச்சு மட்டுமே சாமான மறைய வைக்கும் என்பதற்கு வேற உதாரணம் தேவையில்ல."

"எழுதுங்க மிஸ். என்ட பேர மட்டும் போடாதீங்க."

இந்தப் பத்தியின் தலையில் அந்தப் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது... இருக்கட்டும்.