மூன்றாவது பலகை

ஒரே கட்டடம் எத்தனை பேருக்குச் சொந்தமாக இருக்க முடியும்? முருகையா இதை யாரிடமும் கேட்டதில்லை. ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர். விடை மாறும்போதெல்லாம் அவருக்கு வேலை வந்தது.

தூரிகையைத் தொடுமுன் வெற்றிலையைத் துப்பிவிடுவார். சிங்கள எழுத்தின் வளைவு முடியும்வரை மூச்சு விடமாட்டார். "நடுவுல மூச்சு விட்டா எழுத்து படுத்துக்கும்ங்க" என்பார். பிறகு பத்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒருமுறை அப்படிப் போய்த் தேயிலைக்குள் தண்ணீர் ஓடும் கானில் விழுந்தார். விழுந்த பிறகும் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை.

அவருடைய தோட்டத்து மருந்தகத்துக்கே இரண்டு பலகை எழுதியிருக்கிறார். முதலில் அது தோட்டக் கம்பெனியுடையது. பிறகு கொழும்பு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போகிறவர்கள் தங்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரைக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை.

அது நேராகக் கட்டிலுக்கு மேல் ஒழுகியது. புதன்கிழமை கிளினிக்கில் மருத்துவிச்சி தயானி மிஸ்ஸி கட்டிலை நகர்த்துவார். ஒழுக்கும் பின்னாலேயே வரும். குழந்தை நிறுக்கும் தட்டிலும் சொட்டியதால், மழை நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் நல்ல நிறை. முருகையாவின் மகள் கலாராணி ஏழு மாதக் கர்ப்பிணி. குடையைப் பிடித்தபடி படுத்து வயிற்றைக் காட்டிவிட்டு வந்தாள். "வெளிய நின்னாலாச்சும் ஒரு பக்கம்தான் நனையும்ப்பா" என்றாள்.

அதன்பிறகு முருகையா கடிதத்தோடு அலைந்தார். கட்டடத்தை ஒப்படைத்தாயிற்று என்றது கம்பெனி. இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை, வந்தாலும் கொழும்பு காசை இறக்கினால்தான் உண்டு என்றார்கள் பதுளை மாகாண அலுவலகத்தில். அது மாகாணத்து விடயம் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஐந்து மாதம் கழித்து.

ஒருவழியாக மருந்தகம் மாகாணத்துக்கே வந்தது. கூரைக்கு ஒதுக்கீடு இல்லை, பலகைக்கு இருந்தது. எட்டடிக்கு நாலடி, கனத்த புதுத் தகரம். முருகையா அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது இருந்தா பாதி காம்பரா கூரைய மூடிரலாம்" என்றார். பிறகு மூன்று மொழியிலும் எழுதினார். எழுத்து பழுதில்லை.

திங்கட்கிழமை திறப்பு விழா. ஞாயிறு மத்தியானம் அவர் ஏணியும் சுத்தியலுமாக மருந்தகத்துக்குப் போனதைப் பலர் பார்த்தார்கள். பலகை மாட்டப் போகிறார் என்று நினைத்தார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை.

மறுநாள் நல்ல மழை. பதுளையிலிருந்து வந்த அதிகாரி வாசலில் கட்டியிருந்த திரையை விலக்கினார். பின்னால் இரண்டு கம்பங்களும் மலையும் இருந்தன. பலகை எங்கே என்று கேட்டார். முருகையா அவரை உள்ளே அழைத்துப்போனார்.

இற்றுப்போன தகரம் இருந்த இடத்தில் புதுத் தகரம், எழுத்தெல்லாம் கீழ்நோக்கி. அதன் கீழே கட்டில், காய்ந்து கிடந்தது. யாரைக் கேட்டுச் செய்தாய், ஏன் செய்தாய் என்று அதிகாரி அண்ணாந்தபடியே கேட்டார்.

"நின்னு பார்த்தா கழுத்து வலிக்கும்ங்க சேர். படுத்துப் பாருங்க" என்று சொல்லி, முருகையா தலையணையை இரண்டு தட்டுத் தட்டிப் போட்டார்.