துண்டுக்கு அடியில் ஒரு விளையாட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் ஓர் அச்சகத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். மோட்டார் பம்பு அட்டைப்பெட்டி, நூல் கோன் லேபிள், கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார், எது வந்தாலும் வரைவேன். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிறவள் என் தோழி. இருவருக்கும் ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கள் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பாள். அழுகிற பிள்ளையையும் அடிக்கிற பிள்ளையையும் ஒரே விளையாட்டில் உட்கார வைக்கத் தெரிந்தவள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சரவணம்பட்டியைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே, பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்கிற கம்பெனி வைத்திருந்தார். ஒருநாள் லேபிள் பார்க்க வந்தவர் என் மேசைப் பக்கம் நின்றார்.

"பக்கெட்டு மட்டும் போட்டுட்டு இருந்தா ஆகாதுங்க அம்மணி. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஏதாச்சும் போடலாம்னு இருக்கறனுங்க. உங்களுக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா படமாப் போட்டுக் கொண்டாங்க."

கூடவே, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு விளையாட்டுச் சாமான் புத்தகத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள். உள்ளே கோட்டைகள், பனிக்கரடிகள், மஞ்சள் முடிப் பிள்ளைகள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பம்புக்கும் நூலுக்கும் வரைந்து வரைந்து சலித்த கைக்குப் பிள்ளைகளுக்காக வரையச் சொன்னால் எப்படி இருக்கும்! ராத்திரி பகலாய்க் கோட்டை வரைந்தேன். கோட்டையைச் சுற்றிப் பனி, பனியில் சறுக்கும் கரடிகள். தோழி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்புள்ள, இது பனியா, மில்லுல வர்ற பஞ்சா?"

"பனிதான்."

"நீ எங்க பனியப் பாத்த? ஊட்டிக்கே ஒரு தடவதான் போயிருக்கற."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் டவுன் பஸ் பிடித்துச் சரவணம்பட்டிக்குப் போனோம்.

கம்பெனி ஆபீசில் முதலாளியும் அவர் மனைவியும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்முதல், சம்பளம் எல்லாம் அந்த அம்மாதான் பார்ப்பவர். முதலாளி ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். கடைசிப் படத்தையும் பார்த்து முடித்து, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். 'நல்லா இருக்குது' என்றால் பிடித்திருக்கிறது. நடுவில் அந்த 'தான்' வந்து விழுந்தால் எழுந்து வந்துவிடலாம். நாங்களும் எழுந்தோம். வாசல்வரை வந்த அவர் மனைவி மட்டும், "கரடிய எங்கூட்டுப் பிள்ளைக பாத்ததே இல்லீங்க அம்மணி. வேற ஏதாச்சும் யோசிச்சுப் பாருங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு பொக்கென்று போய்விட்டது. தோழி ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். "உன்னைய வேண்டாம்னு சொல்லலையே, கரடியத்தான வேண்டாம்னாங்க" என்று பாதியை என் கையில் கொட்டினாள்.

அடுத்த மாதம் அச்சகத்துக்கு மாட்டுத் தீவன மூட்டைக்குப் படம் போடும் வேலை வந்தது. நான் போட்ட காளையைப் பார்த்த தீவனக்காரர், எருமைக்குக் கொம்பு மாறிப்போச்சா என்று கேட்டுவிட்டார். போய் மாட்டை நேரில் பார்த்துவிட்டு வா என்று எங்கள் ஓனர் என்னைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு அனுப்பினார். தோழியும் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிட்டாள்.

சந்தை நாள். கண்ணுக்கு எட்டின தூரம் மாடுகள்தான். சாம்பல் மயிலை, சிவப்புச் செவலை, கறுப்புக் காரி என்று நிறம் நிறமாய். நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்று வரைய ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு குணம். ஒன்று கட்டின கயிற்றையே மென்றுகொண்டிருந்தது. ஒன்று வண்டிப்பாதைக்கு நடுவே படுத்துக்கொண்டு லாரியைக்கூட மதிக்கவில்லை. ஒரு கன்று வந்து என் தாளின் மூலையைக் கடித்துப்போட்டது.

தோழி என் தோளைத் தட்டினாள். "மாட்ட விடு. அந்த ரெண்டு பேரப் பாரு."

இரண்டு தரகர்கள் எதிரெதிரே நின்றிருந்தார்கள். இருவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது. வாய் பேசவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார், மற்றவர் உதட்டைப் பிதுக்கினார். துண்டு மட்டும் அசைந்தது. நாங்கள் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, துண்டுக்குச் சொந்தக்காரர் வியாபாரம் முடிந்ததும் எங்கள் பக்கம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மாடு வாங்க வந்தீங்களா?"

"வரையறதுக்குங்க. அந்தத் துண்டுக்குள்ள என்னங்க பண்ணுனீங்க?"

"வெலை பேசுனமுங்க. எத்தன வெரலைப் புடிக்கறமோ அதுதான் வெலை. சுத்தி நிக்கறவனுக்குத் தெரியப்படாதுல்ல." அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் துண்டைத் தோழியிடம் நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் புடிச்சுப் பாருங்க. அந்தச் செவலைக்கு வெலை பேசுங்க."

துண்டுக்கு அடியில் தோழி என் விரல்களைப் பிடித்தாள். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். தரகர் உடனே கைதட்டினார்.

"கைய இறுக்கிப் புடிச்சா சம்மதம்னு அர்த்தமுங்க. மாடு உங்களுது. ஓட்டிட்டுப் போங்க!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். செவலை மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதற்குள், முதலாளிக்குக் காட்ட ஒரு விளையாட்டு பஸ்ஸிலேயே பாதி தயாராகிவிட்டது.

தோழி விதிகளை எழுதினாள். காசுக்குப் பதில் வைக்கோல் கட்டுச் சீட்டு. ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அட்டை. குறைந்தது எத்தனை கட்டுக்கு விற்கலாம் என்பது அதன் பின்பக்கம், விற்கிறவருக்கு மட்டும் தெரியும். பேரம் துண்டுக்குள்ளே. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்தே விலையைச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு கட்டு பரிசு. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துப் பார்த்து, சண்டை வந்த இடமெல்லாம் விதியை மாற்றினாள்.

நான் படங்களில் மூழ்கினேன். கயிறு மெல்லுகிற மாடு, லாரியை மதிக்காத மாடு, தாள் தின்னும் கன்று எல்லாம் வந்துவிட்டன. மயிலையின் சாம்பல் நிறம் சரியாக வருவதற்குப் போஸ்டர் கலரைக் குழைத்துக் குழைத்துப் பார்த்தேன். பெட்டியின் மூடிதான் வரவே இல்லை. விளையாட்டே துண்டுக்குள் நடக்கிறது, அதை எப்படி வரைவது? துண்டை விலக்கிக் கைகளை வரைந்தால் ரகசியம் போய்விடும். கடைசியில் கைகளை விட்டுவிட்டு முகங்களை வரைந்தேன். ஒரு பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு பையன் ஒன்றும் தெரியாதவன்போல் காக்காயைப் பார்க்கிறான், நடுவில் சிவப்புக் கரைத் துண்டு. வரைந்து முடித்ததும் எனக்கே அந்தத் துண்டைத் தூக்கிப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

மறுபடியும் சரவணம்பட்டி. இந்த முறை பேசுவதற்கு நிறைய மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில்லை. படங்களை மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தோழிதான் துண்டை எடுத்து நீட்டினாள்.

"சொன்னாப் புரியாதுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க."

முதலாளி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஆபீஸ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வேலைக்காரர்களைப் பார்த்தார். ஆபீசில், நாலு பேர் பார்க்க, புருஷன் கையைப் பிடிப்பதா? "அட, சும்மா இருங்க கண்ணு" என்றார் தோழியிடம். ஆனால் அதற்குள் முதலாளி துண்டுக்குள் கையை விட்டுவிட்டார். அந்த அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் மாடு பேரமானபோது இருவர் காதும் சிவந்திருந்தது. அடுத்த மாட்டுக்குள் கூச்சம் போய்விட்டது.

"ஏனுங்க, இந்தக் கெழட்டு மாட்டுக்கு இத்தன கட்டா? மனசாட்சி இருக்குதுங்களா?"

"வெலைய வாயில சொல்லாத. கைக்குள்ள சொல்லு."

"கைக்குள்ள சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கறீங்க!"

கையெழுத்து வாங்க வந்த மேனேஜர், விலையை முகத்தில் கண்டுபிடித்துச் சொல்லி ஒரு வைக்கோல் கட்டு ஜெயித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. "அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அந்த அம்மா, ரிசீவரைத் தூக்காமலே. கடைசியில் எல்லா மாடும் அந்த அம்மாவிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலாளி நெற்றி வியர்வையை எங்கள் விளையாட்டுத் துண்டாலேயே துடைத்தார்.

"எல்லாம் செரிங்க. துண்டு இருக்குது, அட்டை இருக்குது. நான் பிளாஸ்டிக் கம்பெனிக்காரன். இதுல பிளாஸ்டிக் எங்கீங்க?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதை நினைத்தே பார்க்கவில்லை.

"மாடுங்க" என்றார் அந்த அம்மா, ஜெயித்த அட்டைகளை அடுக்கிக்கொண்டே. "அட்டைய மட்டும் வெச்சுட்டு என்ன பண்றது? அந்தப் பிள்ள வரைஞ்ச மாட்டையே குட்டிக் குட்டியாப் போட்டுக் குடுங்க. ஓட்டிட்டுப் போறதுக்கு ஒண்ணு வேணுமில்ல?"

இப்படித்தான் என் மாடுகள் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்குப் போயின. பக்கவாட்டில் எப்படி இருக்கும், மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு மாட்டையும் திருப்பித் திருப்பி வரைந்து கொடுத்தேன். முதல் பெட்டி வந்த அன்று ஆசையாகத் திறந்தால், உள்ளே பச்சை மாடு, நீல மாடு, ரோஸ் மாடு. வாளிக்குக் கலக்கியதில் மிஞ்சின பிளாஸ்டிக்கையே மாட்டுக்கும் ஊற்றியிருந்தார்கள்! நான் குழைத்துக் குழைத்துக் கண்டுபிடித்த சாம்பல் நிறம் அட்டையில் மட்டும்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோழி அந்தப் பெட்டியைத் தன் வகுப்புக்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்து சொன்னாள், "ரோஸ் மாட்டுக்குத்தான் புள்ள அடிதடி. உன்னோட மயிலைய ஒருத்தரும் கேக்கல." வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த விளையாட்டு பெரிய ஊர்க் கடைகளுக்கெல்லாம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும் தேர்த் திருவிழாக் கடைகளிலும் தொங்கியது. அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு நாங்கள் இருவரும் கொடுமுடிக்குப் போயிருந்தோம். காவிரிக் கரைப் படிக்கட்டில், ஈரத்துணி பிழிந்து வைத்த கூடைக்குப் பக்கத்தில், ஓர் அப்பாவும் மகளும் துண்டைப் போர்த்திக் கைகளை மறைத்திருந்தார்கள். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"அது நாங்க செஞ்சதுன்னு போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் தோழி.

"ஆட்டம் கெட்டுப்போயிரும், இரு" என்றேன்.

நாங்கள் இரண்டு படி மேலே உட்கார்ந்து, விலை என்னவாக இருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.