அக்காவைப் பார்க்க வந்தவள்

அக்காவின் உயரம் எங்கள் வீட்டில் ஒரு கவலையாக இருந்தது. மன்னாரில் அப்பாவின் ஆட்கள் எல்லோரும் நெட்டையர்கள். அந்த உயரம் முழுவதும் அவளுக்கே போய்விட்டது. நாங்கள் நாடு விட்டு வந்து குடியேறிய நியூ லின்னில், கோயிலில் பூசை முடிந்ததும் யாராவது ஒரு மாமி அண்ணாந்து பார்த்து, "இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைய எங்க பிடிக்கிறது?" என்பா. அம்மா அவளுக்குக் குதி இல்லாத சப்பாத்துகளாகவே வாங்கினா.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் மட்டும் அந்த உயரத்துக்கு மரியாதை இருந்தது. அங்கே அக்கா கூனாமல் நடப்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆகவே அக்கா போகுமிடமெல்லாம் நானும் போனேன்.

அந்தக் குளிர்காலத்தில், அமெரிக்காவில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து, தங்கள் அணிக்கு ஆள் தேடி, அக்காவின் விளையாட்டைப் பார்க்க ஒரு பெண் பயிற்சியாளர் வந்தாள். பள்ளி ஜிம்மில் மற்ற வீட்டார் கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு கும்பலாக இருந்து சத்தம் போட்டார்கள். நான் இருந்த வாங்குப் பலகையில்தான் இடம் இருந்தது. அவள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கட்டை முடியும் பெரிய கைகளும் அவளுக்கு.

அவளுக்கு விளையாட்டுப் பார்க்கத் தெரியாது என்று நினைத்தேன். எல்லோரும் பந்தைப் பார்க்க, அவள் பந்து இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கூடைக்குள் போட்டபோது பேசாமல் இருந்தாள். அடுத்த தடவை அக்கா தவறவிட்டு, எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடிவந்து எதிரணிக்காரியை மறித்தபோது, வந்தவள் முன்னால் குனிந்து பார்த்தாள். அக்காவை ஆட்டத்திலிருந்து எடுத்து வெளியே இருத்திய நேரத்தில்தான் மிகக் கவனமாகப் பார்த்தாள். அக்கா வாங்கில் அமரவில்லை. தன் இடத்தில் இறங்கிய பிள்ளைக்காக எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தாள். அம்மா றோல்ஸ் பொரித்து, அக்காவுக்குச் சங்கிலி போட்டுவிட்டிருந்தா. வாசலில் கிடந்த அக்காவின் விளையாட்டுச் சப்பாத்தை வந்தவள் தூக்கி, தேய்ந்த அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "புதுசு வாங்கித் தாறன் எண்டு சொன்னனான்தானே," என்று அக்காவிடம் முணுமுணுத்தார். வந்தவளோ, நல்ல சாமானைக் கண்டதுபோலச் சிரித்தாள்.

பிள்ளை இன்னும் வளர்கிறாளா என்று அவள் கேட்டாள். அம்மா பதறிப்போய், இல்லை, இல்லை, இனி ஒரு அங்குலமும் வளரமாட்டாள் என்று தன் ஆங்கிலத்தில் உறுதி சொன்னா. வந்தவளின் முகம் கொஞ்சம் வாடியது ஏன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

அப்பா அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு வந்தவள் அக்காவைப் பார்த்து, நான்கு வருடம் வீட்டை விட்டு இருக்க முடியுமா என்றாள். அக்கா வாய் திறக்குமுன் அம்மா தமிழில் கேட்டா: "தனிய இருப்பியோ பிள்ளை?"

வீட்டில் எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற அக்கா, அன்று "ஓம்" என்றாள். யாரையும் பார்க்காமல், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஆகஸ்ட்டில் அவள் போய்விட்டாள்.

வந்தவள் புறப்பட்டபோது வெளியே மழை. அம்மா என்னிடம் குடையைத் தந்து கார்வரை விட்டுவிட்டு வரச் சொன்னா. நான் எவ்வளவு உயர்த்திப் பிடித்தும் குடை அவள் தோளில் இடித்தது. கடைசியில் அவளே வாங்கி இருவருக்கும் பிடித்தாள்.

தோற்றால் அக்கா என்ன செய்வாள் என்று நடந்துகொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு அதில் பெரிய மனக்குறையே இருந்தது. தோற்ற நாளில் அக்கா என்னோடு கதைக்கவே மாட்டாள், நேரே பூங்காவுக்குப் போய் இருட்டும்வரை கூடைக்குப் பந்து எறிந்துகொண்டே நிற்பாள், மழையென்றாலும் வரமாட்டாள் என்று கொட்டித் தீர்த்தேன். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

"அப்ப பந்தை எடுத்துக் குடுக்கிறது யார்?"

"நான்தான்."

"அக்கா இல்லாத நாளில யாரோட விளையாடுவாய்?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அக்கா இல்லாத நாள் எண்டு ஒண்டும் இல்லையே," என்றேன்.

அவள் கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றாள். குடைக்குள் குனிந்து நெடுநேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான், என்னையும் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்து, முதுகை நிமிர்த்தி, குதியை மெல்ல உயர்த்தி, என்னால் முடிந்த அளவு உயரமாக நின்றேன்.