பரோட்டா மாஸ்டர் வீட்டு பீட்சா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஓட்டலில் இருபத்தாறு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர் முனிரத்தினம். சொந்த ஊர் திருப்புலிவனம். தினமும் மத்தியானம் சைக்கிளில் வந்து இருபது கிலோ மைதா பிசைவார். கை வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கோபம் வந்தால் திட்டமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். சொந்த அண்ணனோடு நான்கு வருஷம் பேசாமல் இருந்தவர். திட்டுகிற மனுஷனோடு குடித்தனம் நடத்திவிடலாம், இப்படிப்பட்டவரோடு நடத்துவதுதான் பெரும்பாடு.

மகள் அகிலா, செங்கல்பட்டில் பீட்சா கடை ஒன்றில் வேலை பார்க்கும் சுகுமாரை வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். முனிரத்தினம் இருவரோடும் பேச்சை நிறுத்தினார். ஒரு வருஷம் கழித்து, அகிலா முழுகாமல் இருக்கிறாள், வாந்தி நிற்கவில்லை என்று தெரிந்ததும், அவர் மனைவி தேவகி யாரையும் கேட்காமல் போய் மகளை அழைத்து வந்துவிட்டாள். முனிரத்தினம் மகளிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். சுகுமார் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியில் வந்து தெருமுனையில் நிற்பான். அகிலா அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அகிலாவுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஐந்தாம் மாதம் ஏற வேண்டிய எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அகிலா பீட்சா கேட்டாள்.

"அவருக்கு ஒரு போன் போட்டா எடுத்துக்கினு வந்துடுவாரும்மா."

"அவன் கையால செஞ்சது எதுவும் இந்த வாசல தாண்டக் கூடாது" என்றார் முனிரத்தினம். "மாவுதான? நான் பண்றேன்."

செல்போனில் வீடியோ பார்த்து, பேக்கரியில் கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கி, மாவு பிசைந்து மூடிவைத்தார். அரைமணி கழித்துத் திறந்தால் மாவு உப்பிக்கொண்டு நின்றது. பரோட்டா மாஸ்டருக்கு உப்பிய மாவென்றால் புளித்த மாவு, அதாவது முதலாளியிடம் வசவு. ஓங்கி அடித்து அடக்கி, எண்ணெய் விட்டு மறுபடி பிசைந்தார். அது மறுபடி உப்பியது. மறுபடி அடித்தார். மணல் கொட்டிச் சூடாக்கிய சட்டிக்குள் வைத்து மூடி எடுத்தபோது, தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"நல்லாத்தான்பா கீது" என்று ஒரு வாய் கடித்த அகிலா, எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

சனிக்கிழமை மறுபடி செய்தார். அதே கதவு, அதே சத்தம்.

"ஊருக்கே போடற கை. பெத்த பொண்ணுக்கு ஒரு வாய் போட முடியல" என்றாள் தேவகி.

ஞாயிற்றுக்கிழமை அகிலாவால் தெருமுனை வரை நடக்க முடியவில்லை. உள்ளே படுத்திருந்தாள். மூன்றாவது மாவு உப்பத் தொடங்கியது. முனிரத்தினத்தின் கை தானாக ஓங்கியது. ஓங்கியவர் அடிக்கவில்லை. மாவைக் கண்டு அவர் பயந்தது அன்றுதான். கையைக்கூடக் கழுவாமல் தெருமுனைக்கு நடந்தார்.

"மாவு உப்புது. அடிச்சா கல்லாப் பூடுது. இன்னா பண்றது?"

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் மருமகனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். சுகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிக்கக் கூடாது மாமா. ஒரு மணி நேரம் அப்படியே வுட்டுடணும்."

"கையே வைக்காம?"

"கையே வைக்காம."

முனிரத்தினத்துக்கு நம்பிக்கை வரவில்லை. நீயே வந்து பார் என்று சந்து வழியாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சபதம் வாசலைப் பற்றியதுதானே, சந்து அதில் சேராது என்று சமாதானம் செய்துகொண்டிருப்பார்.

இருவரும் மாவுக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்தின் கை இரண்டு முறை நீண்டது. இரண்டு முறையும் சுகுமார் "மாமா" என்றான், கை திரும்பிவிட்டது. மாவு இரட்டிப்பானதும் சுகுமார் அதை விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒதுக்கி, தக்காளி, வெங்காயம், சீஸ் பரப்பிச் சட்டிக்குள் இறக்கினான். வெந்ததும் தட்டை மாமனாரிடம் நீட்டினான்.

"நீங்க பண்ணதுன்னே சொல்லுங்க மாமா. நான் வந்தது தெரிய வேணாம்."

அகிலா ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று கேட்டாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தேவகி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி ஆயிற்று. அகிலா எழுந்து ஓடவில்லை.

"இன்னாப்பா, இன்னிக்கு இவ்ளோ மெத்துனு கீது? நீதான் பண்ணியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். முனிரத்தினம் விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார்.

"மாப்பிள்ள பண்ணாரு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடாம தோட்டத்துல குந்திக்கினு கீறாரு. வாசப் பக்கமா வந்து உள்ள ஒக்காரச் சொல்லு."