திருமங்கலத்தில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

பழைய உதிரிகளாக வாங்கிச் சேர்த்து நானே பொருத்திய கேமிங் கம்ப்யூட்டர் என்னுடையது. எந்தக் கிராபிக்ஸ் கார்டையும் ஒரு கேமை ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வாரண்டி முடிந்த பொருளுக்கு அதுதான் வாரண்டி. திருமங்கலத்தில் ஒரு கார்டு விலைக்கு வந்தபோதும், வீட்டுக்கே வந்து ஓட்டிப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கதவைத் திறந்தவர், "பையனோடது தம்பி. பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

அப்போதாவது, சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பையனின் நாற்காலியில் உட்கார்ந்து கேமைத் திறந்தேன். துப்பாக்கிச் சத்தம் வீட்டை நிறைத்தது. கார்டு எவ்வளவு சூடாகிறது என்பதிலேயே என் கண் இருந்தது.

"எம்புட்டுச் சத்தம்டா, கொறைடா!"

அடுப்படியிலிருந்து ஒரு பெண்ணின் குரல். பழக்கத்தில் அந்தப் பெண்ணின் வாய் முந்திக்கொண்டது. அடுத்த நொடி அதே குரல் கதறியது.

பக்கத்தில் நின்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "அவங்கம்மா" என்றார். "கழட்டிக்கங்க தம்பி."

கார்டு இன்றுவரை குறையில்லாமல் ஓடுகிறது. நான்தான் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுகிறேன்.