கிரிவலம் போன ஆன்டிபாடி

மூளை ஆராய்ச்சி செய்யும் என் தங்கை மகள் கவிதா இன்று ஒரு சின்னக் குப்பியில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தோடு பெங்களூருக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். முயல் ரத்தத்திலிருந்து எடுத்தது. நரம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும். ஐம்பது பேரில் குறும்பனைக் கண்டுபிடிக்கும் வாத்தியார் மாதிரி. சூடானால் கெட்டுவிடும்.

வழியில் பௌர்ணமி கிரிவல நெரிசலில் பேருந்து நின்றுவிட்டது. பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது.

குச்சி ஐஸ் வண்டிக்காரரிடம் ஓடினோம்.

"மொத்த ஐஸையும் வாங்கிக்கறேங்க. இந்தக் குப்பி சூடாகக் கூடாது" என்றாள் கவிதா.

"விக்கிறதுக்கு இல்லம்மா. பொண்ணு பாஸானதுக்கு வேண்டுதல். மலையைச் சுத்திக் குடுத்துட்டே போவணும். குப்பிய வேணா உள்ள வெச்சிக்கங்க."

சாமி கும்பிடாத கவிதா, வண்டிக்குப் பின்னாலேயே பதினான்கு கிலோமீட்டர் நடந்தாள்.

ஆன்டிபாடி சில்லென்று இருக்கிறது. புண்ணியம் அவளுக்கா, முயலுக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.