டிஸ்பென்சரி வாசலில் நின்ற நீலக் கார்

எங்கள் எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன அன்று நான் டிஸ்பென்சரி வாசலில் நின்றிருந்தேன். பேட்டரி போய், ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் முடிந்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஷெட்டிலேயே கிடந்த வண்டி. எப்போது திரும்பி வரும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கோட்டயத்துக்காரர். தொழிலாளர்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர்.

"சிஸ்டரே, உங்க வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கல்லோ. பின்னே எதுக்கு இது?" என்றார்.

என் வண்டி அவருக்குப் பின்னால் மரத்தடியில் நின்றது. அதை நான் அந்த கண்டிஷனுக்குக் கொண்டுவர என்ன பாடு பட்டேன் என்பதைச் சொன்னால்தான் அந்த வார்த்தை எனக்கு ஏன் இன்னும் ஆறவில்லை என்பது விளங்கும்.

வண்டி வந்தது

என் பெயர் ஸ்டெல்லா. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா அதே எஸ்டேட்டில் லாரி டிரைவர். லீவு நாட்களில் அவரோடு கம்பம் வரை போய்வருவேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த கியரில் போகிறார் என்று சொல்லிவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. அதுவும் ஏதோ ஒரு கார் இல்லை. ஹாட் ஹேட்ச் என்பார்கள். பார்த்தால் சாதாரணக் குடும்பக் கார், பின்கதவு மேலே தூக்கும் சின்ன உடம்பு. உள்ளே அந்த உடம்புக்கு மிஞ்சிய இன்ஜின், தரையை ஒட்டி நிற்கும் இறுக்கமான சஸ்பென்ஷன்.

எனக்குக் கிடைத்தது கோயம்புத்தூரில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் பல வருஷமாக நின்றுபோன நீல வண்டி. ஆயிரத்து அறுநூறு சிசி பெட்ரோல் இன்ஜின். கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. டயர் நாலும் சப்பையாகிக் கிடந்தன. டாங்க்கில் இருந்த பெட்ரோல் பிசினாகியிருந்தது. சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. "ஏனுங்க, இத நீங்களேவா ஓட்டப் போறீங்க?" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

லாரியில் ஏற்றிக் கம்பத்தில் ரபீக்கின் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினேன். ரபீக் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னால் முடிந்த வேலையை நானே செய்வதாக இருந்தால் மட்டும் வண்டியை எடுத்துக்கொள்வதாக முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கம்பம் போவேன். சீட்டுகளைக் கழற்றினேன். கால் வைக்கும் இடத்தில் தகரம் துருப்பிடித்து, கையை வைத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. வெட்டி, புதுத் தகரம் பற்றவைத்தோம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஃப்யூவல் பம்ப், கிளட்ச் எல்லாம் மாற்றினோம். நாலு சக்கரத்துக்கும் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் மாற்றினோம். இரண்டாம் சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் வந்துகொண்டே இருந்தது. இக்னிஷன் காயிலை மாற்றியும் போகவில்லை. கடைசியில் எலி கடித்த ஒரு வயர் என்று கண்டுபிடித்தபோது இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

பார்ட்ஸ் கிடைப்பதுதான் பெரிய பாடு. அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எவனாவது எங்காவது ஒரு இன்ஜின் மவுண்ட் கிடைத்ததாகச் சொல்வான், பஸ் பார்சலில் வரும். ரொம்ப நாள் என்னை 'ப்ரோ' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதன் பிறகு அக்கா ஆனேன்.

வண்டி தயாராகி முதல் தடவை கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிய காலையை நான் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வளைவுக்கு முன்னால் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, திருப்பி, மிதித்தால், வண்டி என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. மேலே மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி இறங்கினேன். எனக்கென்று ஒன்று இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது.

ரபீக் ஒன்று மட்டும் எச்சரித்தார். "அக்கா, இது தார் ரோட்டு வண்டி. எஸ்டேட்டுக்குள்ள கல்லு ரோட்டுல ஓட்டாதீங்க. வயிறு தட்டும்."

வண்டி பொதுவானது

எஸ்டேட் கேட்டிலிருந்து டிஸ்பென்சரி வரை ரோடு சுமார்தான், ஆனாலும் நிதானமாக ஏற்றிவிடலாம். அதனால் வாசலில் நிறுத்திவைத்தேன். அதற்கு அப்பால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற வழியில் இறக்கியதே இல்லை.

ஒருநாள் காலையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. நான் யோசிக்கவில்லை, அவளை என் வண்டியில் ஏற்றிக் கட்டப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் விழாவில் மேனேஜர் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்.

சால்வைக்குப் பிறகு ஆம்புலன்ஸுக்குப் பேட்டரி வாங்குவதை விட்டுவிட்டார்கள். கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அதற்குள் பாம்பு கடி, நெஞ்சு வலி, மரத்திலிருந்து விழுந்தவர் என்று ஒவ்வொருவராக என் வண்டியில் போனார்கள். லயத்து ஜனங்களுக்கும் இதுதான் பிடித்தது. ஏசி உண்டு, சீக்கிரம் போகும். "சிஸ்டர் காருலயே போயிருவோம்" என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்ற நான் லயம் வரைக்கும் இறங்க வேண்டியதாயிற்று. பிறகுதான் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

வண்டியின் நிலையைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரியும். சைலன்சர் கிழிந்தது. ஒரு அலாய் வீல் வளைந்தது. புதிதாகப் போட்ட புஷ்கள் லொடலொடத்தன. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் காப்பாற்ற ரபீக் ஓர் இரும்புத் தகடு போட்டுக் கொடுத்தார். பாறை இரண்டு தடவை அதன் போல்ட்டைப் பிடுங்கி எறிந்தது. பின் சீட்டில் ரத்தக்கறையும் வாந்தி நாற்றமும் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பம்மெட்டு போவது நின்றது. வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பதே ஞாயிற்றுக்கிழமை ஆனது. ரோட்டையாவது சரி செய்யுங்கள், இல்லையென்றால் ஆம்புலன்ஸ் தாருங்கள் என்று ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம் கேட்டேன். மேனேஜர் தலையாட்டுவார்.

சிவப்பு லைட்

அந்த வருஷம் மழை பெய்து ஓய்ந்ததும் மருந்தடி தொடங்கியது. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்குக் கையுறையோ முகமூடியோ கொடுக்கவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். ஒருநாள் முற்பகலில், மருந்து அடித்துக்கொண்டிருந்த முருகேசனைத் தூக்கி வந்தார்கள். நாற்பது வயசு இருக்கும், திடமான ஆள். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். டாக்டரிடம் போனில் கேட்டு, அந்த விஷத்தை முறிக்க இருந்த அட்ரோபின் ஊசி முழுவதையும் போட்டேன். ஸ்டாக் அவ்வளவுதான். அரசு ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். ஆபீஸுக்குப் போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். ஆபீஸ் ஜீப் மேனேஜரோடு ஏலக்காய் ஏலத்துக்குப் போய்விட்டது என்றார்.

என் வண்டிதான். அவன் மனைவி பேச்சியம்மாள் பின்னால் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டுக்குப் போகும் வழியில் இருந்த மண்ணை ராத்திரி பெய்த ஒரு மழை அரித்திருந்தது. நேற்று இல்லாத கல் இன்று துருத்திக்கொண்டு நின்றது. ஆனமட்டும் ஒதுக்கினேன். அடியில் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை என் எலும்பில் கேட்டேன்.

மெயின் ரோடு ஏறிக் கொஞ்ச தூரத்தில் ஆயில் பிரஷர் லைட் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு எங்கள் பின்னாலேயே வந்தது.

வண்டி ஓட்டத் தெரிந்த எவருக்கும் தெரியும், அந்த லைட் எரிந்தால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். அணைத்தால் சம்ப்பை மாற்றி வண்டியைக் காப்பாற்றலாம். பின்னால் முருகேசன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை, அப்புறம் கேட்டது.

"என்ன லைட்டு சிஸ்டர் அது?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ அவர் தலைய ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடி" என்றேன்.

அணைக்கவில்லை. ஆக்சிலரேட்டரை அளவாக மிதித்து, கியரைக் கூட்டி, அந்த இன்ஜினைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். முதலில் டிக் டிக் என்றது, பிறகு சுத்தியல் மாதிரி அடித்தது. புளியன்மலைக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில் குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் திரும்பவே இல்லை. இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிட்டது.

நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் நீட்டி வண்டிகளை மறித்தேன். இரண்டு கார்கள் ஒதுங்கிப் போயின. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஒரு ஜீப் நின்றது. டிரைவர் மூட்டைகளை ரோட்டோரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு முருகேசனைப் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். உடனே வெண்டிலேட்டரில் போட்டார்கள்.

விசாரணை

முருகேசன் பிழைத்தான். ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இரண்டு காலும் மெல்ல மெல்லச் சோர்ந்துபோயின. பூச்சிமருந்து செய்கிற வேலை அது, சிலருக்கு இப்படிப் பின்னாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். கம்பு ஊன்றினால் வாசல் வரை வருவான். மலையேறி வேலை செய்ய முடியாது.

லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் டிஸ்பென்சரி வாசலுக்குப் புது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை.

மேனேஜர் ஆபீசரிடம், நர்ஸ் யாரிடமும் சொல்லாமல் தன் சொந்தப் பழைய வண்டியில் நோயாளியைக் கொண்டுபோனார், சொல்லியிருந்தால் ஆபீஸ் ஜீப்பை அனுப்பியிருப்போம் என்றார். முகமூடி எல்லாம் கொடுத்திருக்கிறோம், அவர்கள்தான் போடுவதில்லை என்றார். நான் போன் செய்ததைச் சொன்னேன், ஜீப் ஏலத்துக்குப் போயிருந்ததைச் சொன்னேன், பழைய ஆம்புலன்ஸ் போன கதையைச் சொன்னேன். போனை எடுத்த கிளார்க்கிடம் ஆபீசர் கேட்டார். ஞாபகமில்லை என்றார் அவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் உண்டு, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு.

பேச்சியம்மாளிடம் கேட்டார்கள். "சிஸ்டர் காரு பாதி வழியில நின்னுபோச்சு" என்றாள். அது உண்மைதான். மேனேஜர் தரப்புக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. தாமதத்துக்கு எஸ்டேட் காரணமில்லை என்று முடிந்தது.

அன்று சாயங்காலம் அவள் லயத்துக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. நடந்ததையெல்லாம் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் பேச வேண்டும் போலிருந்தது. முருகேசன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். அந்த லைட்டைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தாமல் ஓட்டினேன், இன்ஜின் போகும் என்று தெரிந்தே ஓட்டினேன் என்று சொன்னேன்.

"தெரியும் சிஸ்டர். நீங்க நல்லதுதான் செஞ்சீக" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஆனா ஒங்க காரு இங்க வராம இருந்திருந்தா, அந்த ஆம்புலன்ஸ் ஜீப்ப எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாவல்லா."

சாயாவைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

கேட்டுக்கு வெளியே

வண்டியை லாரியில் ஏற்றி மறுபடி கம்பத்தில் இறக்கினேன். ரபீக் சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வேறு இன்ஜின்தான் தேட வேண்டும் என்றார். குரூப் மூலமாக ஒரு பழைய இன்ஜின் வந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வண்டி ஓடியது. முன்பு இருந்த இழுப்பு இல்லை.

எஸ்டேட்டுக்குள் அதைக் கொண்டு போகவில்லை. மெயின் ரோட்டில் இருந்த மாதா கோயில் வளாகத்தில் ஃபாதரிடம் கேட்டு நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் மழையில் நடந்தேன். உள்ளேயே நிறுத்துங்கள், பத்திரமாக இருக்கும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றேன்.

அடுத்த வருஷமே புது ஆம்புலன்ஸ் சர்வீஸுக்குப் போய் வராமல் கிடந்தது. அப்போது ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போய் வண்டியை எடுத்துவந்து அவரைக் கொண்டுசேர்த்தேன். அன்றே திருப்பிக் கோயில் வளாகத்தில் விட்டேன். மறுநாள் முதல் தினமும் டூட்டிக்கு முன்னால் ஆபீஸ் வாசலில் போய் நின்று, ஆம்புலன்ஸ் எங்கே என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன். அது வந்து சேரும்வரை கேட்டேன்.

சிஸ்டருக்குக் கார் வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதுக்கும் வந்தது.

எஸ்டேட் டிஸ்பென்சரிகளில் இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஆசைப்பட்டு வாங்கியது எதையும் வேலையிடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். கண்ணெதிரே ஒரு உயிர் போகும்போது எடுக்காமல் இருக்க உங்களால் முடியாது. அது மேனேஜர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.